பழுது எங்கே?

சம்பா அறுவடை முடிந்து, களத்து மேட்டுத் தூசு இன்னும் அடங்காதிருந்த தை மாதக் கடைசியில் ஒரு மாலை. பாகூர் கொம்யூனில் முன்னொரு காலம் நாம் பணியாற்றிய கிராமத்திலிருந்து குடியானவர் ஒருவரும் அவருடைய மூத்த மகளும் வில்லியனூர்ப் பக்கமுள்ள நமது பங்கு இல்லத்தைத் தேடி வந்தனர். தந்தையின் கையில் துண்டில் சுற்றிய பொட்டலம் ஒன்று இருந்தது. அதை மேசைமேல் வைத்து அவிழ்த்தார். உள்ளே ஒரு மடிக்கணினி.

“சாமி, வண்டி வாங்கினா மந்திரிச்சுக் குடுக்கிறீங்க. இதையும் ஒருதரம் மந்திரிச்சுக் குடுங்க. நல்லா ஓடிக்கிட்டே இருக்கும், திடீர்னு அப்படியே நின்னுபோவுது” என்றார் அவர்.

மகள் தலை குனிந்து நின்றாள். கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறவள். மூன்று வாரத்தில் செய்முறை ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும். எழுதிக்கொண்டிருக்கையில் திரை அசையாமல் உறைந்து விடுகிறதாம். சில வேளை தானே அணைந்து போகிறதாம். கடையொன்றில் காட்டியிருக்கிறார்கள். திறந்துகூடப் பாராமல், “மதர்போர்டு போய்விட்டது, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்” என்று கூறிவிட்டார்களாம். புதியது வாங்க வேண்டுமானால் மனைவியின் கழுத்துச் சங்கிலியை அடகு வைப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று அக்குடியானவர் தீர்மானித்திருந்தார். அத்துடன் இன்னொரு மனத்தாங்கலும் இருந்தது. “படம் பாத்துப் பாத்தே கெடுத்துட்டா சாமி” என்று மகளின் முன்னிலையிலேயே சொன்னார். பிள்ளையின் கண்களில் நீர் திரண்டது.

அன்பர்களே, ஒரு கருவி பழுதுபடுவது சிறிய செய்தியே. ஆயின் அப்பழுதினால் ஒரு தாயின் தாலிச் சங்கிலி அடகுக் கடைக்குப் போவதும், தந்தை மகளை ஐயுறுவதும் சிறிய செய்திகள் அல்ல. தமிழ்நாட்டில் 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கி அரசு மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கியது. நமது புதுவை அரசும் அரசுப் பள்ளி மாணவர்க்கு வழங்கியதுண்டு. 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காலத்தில் வகுப்பறையே வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்தது. இன்று நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு முதலான கொம்யூன்களின் ஓட்டு வீடுகளிலும், தையல் இயந்திரத்திற்கு அருகில் ஒரு மடிக்கணினி இருக்கக் காண்கிறோம். ஆதலின் இம்மாதம் இக்கருவியின் நோயைப் பற்றியும், அந்நோய் கண்டபோது இல்லத்தார் செய்ய வேண்டுவன பற்றியும் சொல்ல விழைகிறோம்.

இதைச் சொல்ல நமக்குள்ள தகுதி கல்வியால் வந்ததன்று. நாம் செய்த ஒரு பிழையால் வந்தது. அதை முதலில் ஒப்புக்கொள்வது முறை.

சில ஆண்டுகளுக்கு முன் நமது பங்கில் ஒரு முதிய உபதேசியார் இருந்தார். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் ஆண்டவருடைய பாடுகளின் பிரலாபத்தை அவர் பாடினால் கோவிலில் இருமல் ஒலிகூடக் கேளாது. அந்த இராகம் அவருக்கு அவருடைய பாட்டனார் சொல்லிக் கொடுத்தது. எந்த நூலிலும் சுரம் எழுதப்படாதது. ஒரு தவக்காலத்தில் அவரை உட்கார வைத்து, கைப்பேசியில் முழுவதையும் ஒலிப்பதிவு செய்தோம். கைப்பேசியில் இடம் போதாமையால் பதிவை அலுவலகக் கணினிக்கு மாற்றிவிட்டுக் கைப்பேசியிலிருந்து அழித்தோம். மறு ஆண்டு உபதேசியார் ஆண்டவரில் துயில்கொண்டார்.

அதற்குப் பின் சில மாதங்களில் அக்கணினி இடையிடையே உறையத் தொடங்கிற்று. உள்ளிருந்து ‘டிக், டிக்’ என்று மெல்லிய ஒலியும் கேட்டது. நாம் செய்தது என்ன? பொறுமையிழந்து பொத்தானை அழுத்தி அணைத்தோம், மீண்டும் இயக்கினோம், மீண்டும் அணைத்தோம். ஒரே நாளில் பத்து முறை இருக்கலாம். யாரோ சொல்லக் கேட்டு, தட்டைச் சீர்செய்யும் மென்பொருள் ஒன்றை இரவு முழுவதும் ஓடவிட்டோம். காலையில் ஹார்ட் டிஸ்க் அடியோடு செத்துக் கிடந்தது. குடும்பப் பதிவேடுகள் தாளில் இருந்தன. மீண்டும் தட்டச்சுச் செய்து கொண்டோம். உபதேசியாரின் குரல் வேறெங்கும் இல்லை. அவருடைய மனைவி ஒருநாள், “சாமி, அவரு பாடினத ஒருதரம் கேக்கலாமா?” என்று வந்து நின்றபோது நாம் சொன்ன மறுமொழியை இன்றும் நினைக்க நெஞ்சு கனக்கிறது.

அந்த ஒலி கேட்ட அன்றே, வேறெதையும் தொடாமல் பதிவைப் படியெடுத்திருந்தால் அரை மணி நேரத்தில் காரியம் முடிந்திருக்கும். சாகும் நிலையிலுள்ள தட்டைச் சீர்செய்யப் புகுவது, மூச்சுத் திணறும் நோயாளியை வயலில் இறக்கி வேலை வாங்குவதற்கு ஒப்பாகும். எனவே நாம் கற்ற முதல் பாடம் இது: கணினி உறையத் தொடங்கியதும், அது மீண்டும் இயங்கும் முதல் வேளையிலேயே, திரும்பப் பெற முடியாதவற்றை வெளியே எடுத்து வைத்துவிட வேண்டும். பிள்ளையின் ஆய்வேடு, சான்றிதழ்களின் படங்கள், திருமணப் படங்கள், மறைந்தோரின் குரல் ஆகியவற்றைப் பென் டிரைவிலோ, வெளியில் பொருத்தும் தட்டிலோ, இணையச் சேமிப்பிலோ, இயன்றால் இரண்டு இடங்களிலோ படியெடுத்துக் கொள்ளுங்கள். நோய் என்னவென்று ஆராய்வது அதற்குப் பின்னரே.

படியெடுத்து வைக்கும் இவ்வழக்கம் நமக்குப் புதியதன்று. பாகூரில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு வித்தியாஸ்தானம், அஃதாவது கல்விச்சாலை, இருந்தது. 9ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் அதற்கு 3 ஊர்கள் கொடையாக விடப்பட்ட செய்தி செப்பேடுகளில் பொறிக்கப்பட்டது. கல்விச்சாலை மறைந்தது, செப்பேடு மறையவில்லை. நமது திருச்சபையும் ஏடுகளைக் காப்பதில் கருத்தாயிருந்து வந்துள்ளது. 1563ஆம் ஆண்டில் திரெந்து பொதுச்சங்கம் ஒவ்வொரு பங்கிலும் திருமணப் பதிவேடு வைக்கப் பணித்தது. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்போ, பங்கின் பதிவேடுகளுக்கு ஆண்டு இறுதியில் ஒரு படியெடுத்து ஆயரகத்திற்கு அனுப்புமாறு கட்டளையிட்டது. ஓரிடத்தில் தீப்பிடித்தாலும் வேறோரிடத்தில் பெயர் அழியாதிருக்க வேண்டும் என்பதே அதன் பயன். ஒரு பிள்ளையின் ஞானஸ்நானத்தை எழுதிய ஏட்டுக்கு இரண்டாம் படி தேவையென்று கண்ட நாம், அப்பிள்ளையின் ஓராண்டு உழைப்பிற்கு ஒரே படி போதுமென்று இருந்துவிடலாமா?

அன்று மாலை அப்பெண்ணிடம் முதலில் கேட்டது இதுவே: “மகளே, ஆய்வேடு வேறெங்காவது இருக்கிறதா?” “இல்லை ஃபாதர், இதில் மட்டும்தான் இருக்கிறது” என்றாள். உடனே கணினியை இயக்கி, அவளது கோப்புகளை ஒரு பென் டிரைவில் ஏற்றினோம். பத்து நிமிடத்தில் முடிந்தது. அதன் பின்னரே அப்பிள்ளை நாற்காலியில் அமர்ந்தாள்.

இனி இரண்டாவது பாடத்திற்கு வருவோம். குருமடத்தில் ஒழுக்க இறையியல் பயின்றபோது, ஒரு செயலை மதிப்பிடுமுன் அதன் சூழ்நிலைகளை ஆராய வேண்டும் என்று கற்றோம். புனித தோமாஸ் அக்குவினாஸ் அவற்றை வகுத்துரைத்திருக்கிறார். யார், என்ன, எங்கே, எதன் துணையால், ஏன், எப்படி, எப்போது என்பன அவ்வேழு வினாக்கள். ஒப்புரவு அருட்சாதனத்தில் நல்ல குருவானவர் இவற்றை மனத்திற்கொண்டே செவிமடுக்கிறார். பழுதுபட்ட கருவியின் முன்னும் இதே வினாக்கள் பெரிதும் உதவுகின்றன. ‘கணினி கெட்டுவிட்டது’ என்பது முறைப்பாடு மட்டுமே. ‘எப்போது, எங்கே, எதைச் செய்துகொண்டிருக்கையில் நிற்கிறது’ என்பதே நோயின் வரலாறு.

ஆகவே அவளிடம் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, “மூன்று நாள் இதில் குறித்து வா. நின்ற நேரம் என்ன, அதற்குமுன் எவ்வளவு நேரம் ஓடியது, கணினி எங்கே வைக்கப்பட்டிருந்தது, சார்ஜர் இணைந்திருந்ததா, என்னென்ன திறந்திருந்தன என்று எழுது. வேறெதையும் மாற்றாதே” என்று சொல்லி அனுப்பினோம். தந்தைக்கு இது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. மந்திரித்துக் கொடுத்தால் போதுமென்று வந்தவருக்கு வீட்டுப்பாடம் கொடுத்தால் எப்படியிருக்கும்!

நான்காம் நாள் நோட்டு வந்தது. ஐந்து முறை நின்றிருந்தது. ஐந்தும் பிற்பகலில், ஐந்திலும் கணினி கட்டில் மெத்தையின்மேல் இருந்தது, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அரைமணி நேரம் ஓடிய பின்பே நின்றது, நிற்குமுன் விசிறி பலத்த இரைச்சலிட்டது. விடியற்காலையில் மேசைமேல் வைத்து இரண்டு மணி நேரம் எழுதிய இரு நாளும் ஒரு தடையுமில்லை. தந்தை ஐயுற்றபடி அவள் படம் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு முறைகூட இல்லை என்பதையும் அந்த ஏடு எடுத்துரைத்தது. அவர் அதை இருமுறை படித்தார். ஒன்றும் பேசவில்லை.

காரணம் விளங்கிவிட்டது: வெப்பம். கணினியின் மூளையாகிய செயலி உழைக்கும்போது சூடேறுகிறது. அச்சூட்டை ஒரு சிறு விசிறி பக்கவாட்டுத் துளைகளின் வழியே வெளியே தள்ளுகிறது. துளைகளை மெத்தை மூடிக்கொண்டாலோ, விசிறியில் தூசு அப்பிக்கொண்டாலோ சூடு உள்ளேயே தங்கும். சூடு மிகுந்தால் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்; வெப்பம் 100 டிகிரி செல்சியஸை நெருங்குகையில் கருகிப் போகாமல் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே அணைந்துவிடும். அது அணைவது சாவதற்கன்று, பிழைப்பதற்கே. வில்லியனூரில் பொறுமையும் நேர்மையுமுள்ள இளைஞர் ஒருவரிடம் கொடுத்தோம். அவர் எங்கள் முன்னிலையிலேயே பின்பக்கத்தைக் கழற்றினார். விசிறியின் வாயில் பழந்துணியைப் போலத் தூசுப் படலம் கிடந்தது; அதில் களத்திலிருந்து பறந்து வந்த உமியின் துகளும் கலந்திருந்தது. தூசு நீக்கி, காய்ந்துபோன வெப்பப் பசையை மாற்றிப் பூட்டினார். சில நூறு ரூபாயோடு காரியம் முடிந்தது. ‘போய்விட்டது’ என்று சொல்லப்பட்ட மதர்போர்டு அதே இடத்தில் நலமாயிருந்தது.

எல்லாக் கணினிகளின் நோயும் இதுவே என்று எண்ணிவிடலாகாது. குறிகளை அறிந்தால் நோயைப் பிரித்தறியலாம். நமது இல்லத்தார்க்குப் பயன்படும் அளவில் சிலவற்றைச் சொல்கிறோம்.

திரை உறைந்து நின்றால், உடனே பொத்தானை அழுத்தி அணைக்க வேண்டாம். ‘கேப்ஸ் லாக்’ விசையை ஒருமுறை தட்டி, அதன் சிறு விளக்கு எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். எரிந்தால் கணினிக்கு உயிர் இருக்கிறது. ஏதோ ஒரு நிரல்தான் சிக்கிக்கொண்டிருக்கிறது. ஐந்து நிமிடம் பொறுத்திருங்கள். பின்பு கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் ‘டாஸ்க் மேனேஜர்’ என்னும் பட்டியல் திறக்கும். செயலி, நினைவகம், தட்டு ஆகியவற்றில் எது முழுச் சுமையில் தவிக்கிறது, எந்த நிரல் அதைத் தின்கிறது என்பதை அங்கே காணலாம். அந்த நிரலை மட்டும் முடித்துவிட்டால் போதும். விளக்கும் எரியாமல், எதற்கும் அசையாமல் இருந்தால் மட்டுமே பொத்தானைப் பத்து நொடி அழுத்தி அணைப்பது தகும்.

பட்டியலில் நினைவகம், அஃதாவது ரேம், எப்போதும் நிரம்பியே இருந்தால், கணினியின் சுமை அதன் தோளுக்கு மிஞ்சியது என்று பொருள். 4 ஜிபி ரேம் கொண்ட பழைய கருவியில் உலாவியின் இருபது பக்கங்களையும் வீடியோ வகுப்பையும் ஒருங்கே திறந்து வைத்தால் அது திணறவே செய்யும். சிலவற்றை மூடுங்கள், இயலுமாயின் ரேமைக் கூட்டுங்கள். தட்டு எப்போதும் முழுச் சுமையில் இருந்தால், முதலில் அதில் காலியிடம் இருக்கிறதா என்று பாருங்கள். பத்தில் ஒரு பங்காவது காலியாக இருப்பது நன்று. இடமிருந்தும் திணறினால், அதிலும் ‘டிக், டிக்’ ஒலி கேட்டால், அது ஹார்ட் டிஸ்க்கின் மரண ஓலம் என்று கொள்ளுங்கள். படியெடுத்துவிட்டுத் தட்டை மாற்றுங்கள். சுழலும் தட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. என்னும் அசையாத் தட்டைப் பொருத்தினால், பத்தாண்டுப் பழைய கருவியும் புத்துயிர் பெற்றதுபோல் ஓடக் கண்டிருக்கிறோம்.

நீலத்திரையோ, அண்மைக் கால விண்டோஸ் 11இல் கருந்திரையோ தோன்றி, ஏதோ எழுத்துகளைக் காட்டிவிட்டுக் கணினி மறுபடி தொடங்கினால், அஞ்ச வேண்டாம். அவ்வெழுத்துகளைக் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள்; பழுதறிவோர்க்கு அதுவே பெரிய தடயம். தேடும் கட்டத்தில் ‘ரிலையபிலிட்டி’ என்னும் ஆங்கிலச் சொல்லைத் தட்டினால், எந்த நாளில் எது தவறியது என்பதைச் சிவப்புக் குறியுடன் காட்டும் நாட்காட்டி ஒன்று கிடைக்கும். நாம் கொடுத்த நோட்டைப் போலவே கணினியும் தனக்கொரு நோட்டு வைத்திருக்கிறது! புதிய நிரலோ, புதிய அச்சுப்பொறியோ சேர்த்த நாளிலிருந்து தொல்லை தொடங்கியிருந்தால் அதை நீக்கிப் பாருங்கள். ‘சேஃப் மோட்’ என்னும் எளிய நிலையில் இயக்கி, அங்கே தடையின்றி ஓடினால், குற்றம் பெரும்பாலும் மென்பொருளில்தான். ‘விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்’ என்னும் சோதனை ரேமில் குறையிருந்தால் காட்டும்.

சார்ஜர் இணைந்திருக்கும்போது மட்டும், அல்லது பேட்டரியில் மட்டும் நின்றால், மின்சாரத்தின் பக்கம் பாருங்கள். விசைப்பலகை மேடிட்டோ, அடிப்பகுதி மேசையில் படியாமல் ஆடியோ காணப்பட்டால், பேட்டரி உப்பியிருக்கிறது. அதை உடனே அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, அறிந்தவரிடம் சேர்ப்பியுங்கள். குத்தவோ அமுக்கவோ கூடாது, தீப்பற்றும். பிள்ளைகள் அருகில் உறங்கும் வீடுகளில் இதில் ஒரு நாளும் தாமதம் வேண்டாம்.

நீரைப் பற்றியும் ஒரு சொல். 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுவையருகே கரை கடந்தபோது, ஒரே நாளில் புதுவையில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடுத்து வந்த தென்பெண்ணை வெள்ளம் பாகூர்ப் பகுதிக் கிராமங்களிலும் புகுந்தது. நீர் வடிந்தபின் நனைந்த கருவியைச் சிலர் ‘ஓடுகிறதா பார்ப்போம்’ என்று இயக்கிக் கெடுத்தார்கள்; சிலர் அரிசிப் பானைக்குள் புதைத்தார்கள். பாகூர் புதுவையின் நெற்களஞ்சியமே ஆயினும், அரிசி கணினிக்கு மருந்தன்று. அதன் தவிட்டுத் தூளும் உள்ளே சேரும். நனைந்ததை இயக்காமல், சார்ஜ் போடாமல், பிரித்து உலர்த்தத் தெரிந்தவரிடம் கொடுப்பதே வழி.

இவையனைத்திலும் காக்க வேண்டிய விதி ஒன்றுண்டு. ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தூசு நீக்கி, நிரலை அழித்து, ரேமை மாற்றி, எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்தால், குணம் கண்டாலும் எதனால் கண்டது என்று தெரியாது. அடுத்த முறையும் இருட்டிலேயே நிற்போம்.

சில வேளை குற்றம் நம் வீட்டிலேயே இராது. 2024ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள், கிரவுட்ஸ்டிரைக் என்னும் கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான திருத்தம் ஒன்றினால், மைக்ரோசாப்ட்டின் மதிப்பீட்டின்படி உலகெங்கும் சுமார் 85 லட்சம் கணினிகள் நீலத்திரை காட்டி நின்றன. வானூர்திகள் தடைப்பட்டன. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணச் சீட்டுகளைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அன்று எத்தனையோ அலுவலர்கள், ‘நாம் எதைத் தொட்டுக் கெடுத்தோமோ’ என்று நடுங்கியிருப்பார்கள். அவர்களில் எவரும் ஒன்றையும் கெடுக்கவில்லை. இதை நினைவிற்கொண்டால், அடுத்த முறை வீட்டில் கணினி நின்றவுடன் பிள்ளையை நோக்கி விரல் நீட்டுமுன் சிறிது தயங்குவோம்.

கடையில் கொடுக்கும்போதும் விழிப்பு வேண்டும். வேண்டிய கோப்புகளைப் படியெடுத்துக்கொண்டு, குடும்பப் படங்களையும், குறிப்பாகப் பெண்பிள்ளைகளின் படங்களையும், சொந்த உரையாடல்களையும் அதிலிருந்து நீக்கிவிடுங்கள். வங்கி, மின்னஞ்சல் கணக்குகளிலிருந்து வெளியேறிவிடுங்கள். ஆகும் செலவை முன்னதாக எழுதிக் கேளுங்கள். மாற்றிய உறுப்பைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். ‘போய்விட்டது’ என்றால், ‘எதைப் பார்த்துச் சொல்கிறீர்கள்?’ என்று பணிவாகக் கேட்க உங்களுக்கு உரிமையுண்டு. நேர்மையான தொழிலாளி இவ்வினாவால் புண்படமாட்டார். பெரிய தொகை சொன்னால் இரண்டாம் கருத்தும் கேளுங்கள். நோய்க்கு இரு மருத்துவரைப் பார்ப்பது குற்றமாகாததுபோல் இதுவும் குற்றமாகாது.

‘எவ்வளவு காலம்தான் பழையதைச் சீர்செய்துகொண்டே இருப்பது?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆண்டவர் சொன்ன கனி தராத அத்திமர உவமையை நினைத்துப் பாருங்கள். வெட்டிவிடச் சொன்ன உரிமையாளரிடம் தோட்டக்காரர் ஓராண்டுத் தவணை கேட்டார். அந்த ஓராண்டும் சும்மா இருக்கப் போவதில்லை, சுற்றிலும் கொத்தி எருவிடுவேன் என்றார். அதன் பின்னும் கனியாவிடில் வெட்டிவிட உடன்பட்டார். இரக்கமும் இருந்தது, உழைப்பும் இருந்தது, எல்லையும் இருந்தது. பழைய கருவிக்கும் இதுவே அளவு. தூசு நீக்குதல், தட்டு மாற்றுதல், ரேம் கூட்டுதல் ஆகியவற்றைச் செய்து பாருங்கள். சீர்செய்யும் செலவு புதியதன் விலையில் பாதியை எட்டினாலோ, மதர்போர்டே மெய்யாகப் பழுதென்று இருவர் திறந்து பார்த்துச் சொன்னாலோ விட்டுவிடலாம். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் தந்துவந்த வழக்கமான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றன. விண்டோஸ் 11 ஏற்க இயலாத பழைய கருவிகளில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸை நிறுவிப் படிப்பிற்குப் பயன்படுத்துவோரும் உண்டு. திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டின் ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடலில், பொருள்களைத் தூக்கி எறியும் பண்பாட்டைப் பற்றி வருந்தி எழுதினார். பார்க்காமலே ‘போய்விட்டது’ என்று தீர்ப்பிடுவது அப்பண்பாட்டின் தொடக்கம் என்று நமக்குத் தோன்றுகிறது.

அப்பெண் ஆய்வேட்டைக் குறித்த நாளில் ஒப்படைத்தாள். சங்கிலி தாயின் கழுத்திலேயே இருக்கிறது. பாஸ்கா ஞாயிறன்று தந்தையும் மகளும் மீண்டும் வந்தனர். கட்டிலுக்குப் பதிலாகப் பயன்படுத்தத் தம் கையாலேயே ஒரு சிறு பலகை மேசை செய்து கொடுத்திருப்பதாக அவர் சொன்னார். காற்றுப் போக அடியில் இடைவெளி விட்டிருக்கிறாராம். “அன்னிக்கு புள்ளைய ஏசிட்டேன் சாமி” என்றார் மெல்ல. “நம்மிடம் ஏன் சொல்கிறீர்கள்? அவளிடம் சொல்லுங்கள்” என்றோம். “சொல்லிட்டாரு ஃபாதர்” என்றாள் மகள். பிறகு, அவர் முதல் நாள் கேட்டபடியே கணினியை மந்திரித்துக் கொடுத்தோம். படிக்கும் கருவியும் உழைக்கும் கலப்பையைப் போன்றதே; இறையாசி அதற்கும் உரியது.

அன்பர்களே, இந்த இதழை மடித்து வைக்குமுன் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் இல்லத்துக் கணினியிலோ கைப்பேசியிலோ, ஒரே இடத்தில் மட்டும் இருக்கின்ற, இழந்தால் மீளாத ஒன்று எது என்று குடும்பமாக அமர்ந்து எண்ணிப் பாருங்கள். பாட்டியின் குரலாக இருக்கலாம். பிள்ளையின் படிப்பாக இருக்கலாம். இன்றிரவு செபமாலை முடிந்ததும் அதற்கு இன்னொரு படி எடுத்து வையுங்கள். எங்கள் உபதேசியாரின் மனைவிக்கு நாம் சொன்ன மறுமொழியை நீங்கள் யாருக்கும் சொல்ல நேராதிருக்கட்டும்.